வாசகர் கேள்வி – பதில்: கழிவுநீர்ச் சேறும் மலைநாட்டு மரக்கறி மண்ணும்

கழிவுநீர்ச் சேற்றைப் பசளையாகப் போடுவது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு ஏக்கரில் லீக்ஸும் கரட்டும் செய்கிறேன். நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காயவைத்த சேறு என்று சொல்லி லொறிக்காரர் ஒருவர் மலிவாகத் தருவதாகக் கேட்கிறார். கறுப்பாக, பொலபொலவென்று, வாடையே இல்லாமல் இருக்கிறது. வாங்கிப் போடலாமா? (கந்தப்பளை)

பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் வாங்க வேண்டாம். சேற்றில் கலந்திருக்கும் பார உலோகத்துக்கு (கட்மியம், ஈயம், நாகம் போன்றவை) நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பொலபொலவென்று இருப்பது சேறு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும்.

சேற்றில் நைதரசனும் பொசுபரசும் நிறைய உண்டு. போட்ட போகத்தில் பயிர் பச்சென்று எழும்பும். ஆனால் நகரத்துக் கழிவுநீர்க் குழாயில் மலசலகூடத் தண்ணீர் மட்டுமா வருகிறது? கராஜ், பற்றரிக் கடை, முலாம் பூசும் பட்டறை, அச்சகம், பல் வைத்திய நிலையம் எல்லாவற்றின் தண்ணீரும் அதிலேதான் கலக்கிறது. நாகத் (சிங்க்) தகடும் செப்புக் குழாயும் கழுவுப்பட்டு வருவதும் அதிலேதான். நிலையத்திலிருந்து தண்ணீர் தெளிந்து வெளியே போகிறது என்றால், அதிலிருந்த உலோகத்தின் பெரும்பகுதி அடியில் படிந்த சேற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் மேல் 20 சென்ரிமீற்றர் மண் ஏறத்தாழ 1,000 தொன் இருக்கும். ஆகவே ஏக்கருக்கு 1 கிலோ உலோகம் சேர்ந்தால், மண்ணில் அது கிலோவுக்கு 1 மில்லிகிராம் கூடும். உலர் நிறையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கட்மியமும் 1,500 மில்லிகிராம் நாகமும் உள்ள சேறு என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 தொன் போட்டால் 50 கிராம் கட்மியமும் ஏழரைக் கிலோ நாகமும் காணிக்கு வருகின்றன. மண்ணில் கூடுவது கட்மியம் 0.05, நாகம் 7.5. பார்த்தால் அற்பம். வருடத்துக்கு இரண்டு போகமாகப் 10 வருடம் போட்டுவிட்டால் கட்மியம் 1, நாகம் 150 மில்லிகிராம் கூடியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986ஆம் ஆண்டுப் பணிப்புரை மண்ணுக்கு வைத்த எல்லையின் கீழ்ப்பக்கம் சரியாக இந்த இரண்டு எண்களும்தான், அதுவும் மண்ணில் ஏற்கனவே இருப்பதையும் சேர்த்து. அதே பணிப்புரை வருடத்துக்குச் சேர்க்கலாம் என்று விடும் அளவு ஏக்கர்க் கணக்கில் கட்மியம் சுமார் 60 கிராம், நாகம் சுமார் 12 கிலோ. இரண்டு போகம் போட்டால் 100 கிராமும் 15 கிலோவும் ஆகின்றன. இரண்டிலும் எல்லை தாண்டியாயிற்று. அந்தப் பணிப்புரையே தாராளமானது என்று பல நாடுகள் இறுக்கிவிட்டன. சுவிற்சர்லாந்து விவசாய நிலத்தில் சேறு போடுவதையே நிறுத்திவிட்டது.

நைதரசன் மழையோடு போகும், பயிரோடும் போகும். உலோகம் அப்படிப் போகாது. இங்கிலாந்தின் வோபர்ன் பரிசோதனை நிலத்தில் 1942 முதல் 1961 வரை சேறு போட்டார்கள். நிறுத்தி 20 வருடத்துக்கு மேலான பிறகும் உலோகம் மேல்மண்ணிலேயே கிடந்தது. குளோவர் என்ற அவரை இனச் செடியின் வேர் முடிச்சில் நைதரசன் பிடித்துக் கொடுக்கும் பக்டீரியாவில் வேலை செய்யும் வகையும் அங்கே அற்றுப்போயிருந்தது. போஞ்சி, பட்டாணி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூக்கும் காலத்தில் ஒரு செடியைக் கிண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாக, பச்சையாக இருந்தால் இல்லை. உலோகம்தான் காரணம் என்று அதை வைத்தே முடிவு கட்ட முடியாது. யூறியா கூடினாலும் முடிச்சு வராது.

அறிக்கை கேட்கும்போது நாகம், செம்பு, நிக்கல், ஈயம், கட்மியம், குரோமியம், பாதரசம் ஏழும் உலர் நிறைக்குக் கணக்கிட்டிருக்க வேண்டும். ஈர நிறைக்குப் போட்ட அறிக்கையில் எல்லாமே குறைவாகத் தெரியும். லொறிக்காரரிடம் அப்படி ஒரு தாள் இல்லை என்றால், பேச்சு அங்கேயே முடிந்தது.

கேள்வி: மலக்குழி உறிஞ்சும் பவுசர்க்காரர்கள் காணியில் இலவசமாக ஊற்றித் தருகிறோம் என்கிறார்கள். வீட்டுக் கழிவுதானே, இதில் உலோகம் எங்கிருந்து வரும் என்று பக்கத்துக் காணிக்காரர் சொல்கிறார். (வெலிமடை)

உலோக விடயத்தில் உங்கள் பக்கத்துக் காணிக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி. 4,000 லீற்றர் பவுசரில் திண்மம் 2 வீதம் என்று பிடித்தால் உலர்ந்த பொருள் 80 கிலோதான். கிலோவுக்கு 3 மில்லிகிராம் கட்மியம் இருந்தாலும் ஒரு பவுசரில் கால் கிராம் கூட வராது. அந்தப் பவுசர் வீடுகளில் மட்டும் உறிஞ்சுகிறதா, கராஜ் குழியிலும் உறிஞ்சுகிறதா என்பது வேறு கேள்வி.

இதில் பயப்பட வேண்டியது கிருமிக்கு, அதிலும் வட்டப்புழு முட்டைக்கு. ஈரமும் குளிரும் உள்ள மண்ணில் அது வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நம் மலைப்பக்கம் அதற்கு நல்ல வசதி. முழுமையாகக் கிருமி நீக்காத சேறு போட்ட நிலத்துக்கு அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு விதி இப்படி: மண்ணில் படும் மரக்கறியை 14 மாதத்துக்கு அறுவடை செய்யக்கூடாது. மண்ணுக்குள் விளைவது என்றால், சேறு 4 மாதமாவது மேலே கிடந்து வெயில் பட்டிருந்தால் 20 மாதம். அதற்கு முன்னரே மண்ணில் புரட்டிவிட்டால் 38 மாதம். கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு செய்கிறவர் யார் மூன்று வருடம் காணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்?

சரிவுக் காணியில் இன்னொன்றும் உண்டு. மேலே ஊற்றியது கீழே பீலித் தண்ணீரில் வரும். மண்ணை மாசுபடுத்துவதற்கு எதிரான பிரிவு தேசிய சுற்றாடல் சட்டத்தில் இருக்கிறது. இரவில் வந்து ஊற்றிவிட்டுப் போனால் பவுசரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிலும் எழுத்தில் கொடுங்கள்.

"கொம்போஸ்ட் ஆக்கிவிட்டால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசில் 15 நாள் நின்று, அந்தக் காலத்துக்குள் 5 தடவை புரட்டப்பட்டால் கிருமி சாகும். நுவரெலியாக் குளிரில் சின்னக் குவியல் அந்தச் சூட்டை எட்டாது. கம்பி வெப்பமானி இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லவும் முடியாது. உலோகமோ கொம்போஸ்ட் ஆக்கினால் குறையாது, செறிவு கூடும். 100 கிலோ உலர் பொருள் மக்கி 50 கிலோ ஆகும்போது, அதே உலோகம் பாதி நிறைக்குள் நிற்கிறது.

கேள்வி: சிறு தேயிலைக் காணிக்குச் சேறு போடலாமா? தேயிலைக்கு நாகம் தெளிக்கிறோமே, சேற்றிலும் நாகம் இருக்கிறதாம். (தலவாக்கலை)

வேண்டாம். தேயிலை மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5இலிருந்து 5.5 வரை இருக்க வேண்டும். அந்தப் புளிப்பில்தான் கட்மியமும் நாகமும் நிக்கலும் கரைந்து வேருக்குப் போகின்றன. மற்றப் பயிருக்கு டொலமைட் என்ற சுண்ணக்கல் மாவை அள்ளிப் போட்டுப் புளிப்பை அடக்கலாம். தேயிலையில் அந்த வழி அடைபட்டது. பிரித்தானிய விதி பி.எச். 5க்குக் கீழான மண்ணில் சேறு போடுவதையே தடுக்கிறது.

இலையில் நாகசல்பேற்றுத் தெளிப்பது அளவாக, தேவையான நேரத்தில் கொடுப்பது. சேற்றோடு வரும் நாகம் அளவில்லாமல் மண்ணில் தங்குவது. கொப்புள நோய்க்குப் பல வருடம் செம்பு மருந்து அடித்த மலைகளில் செம்பும் ஏற்கனவே சேர்ந்திருக்கும். பழைய தேயிலையைப் பிடுங்கி மரக்கறி போடுகிறவர்கள் செம்பையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: 2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் தவித்தபோது கிடைத்ததையெல்லாம் போட்டோம். அதில் சேறும் இருந்தது. மண்ணைப் பரிசோதிக்க எப்படி மாதிரி எடுப்பது? எங்கே கொடுப்பது? (பண்டாரவளை)

மாதிரி எடுப்பதிலேயே பாதிப் பேர் கெடுத்துவிடுகிறார்கள். நாக முலாம் பூசிய வாளியில் மண்ணைக் கலந்தால் அறிக்கையில் நாகம் ஏறி நிற்கும். பித்தளை அரிதட்டில் சலித்தால் செம்பும் நாகமும் ஏறும். பத்திரிகைத் தாளில் காயவைத்தால் மையும் சேரும். பிளாஸ்ரிக் வாளி, நைலோன் அரிதட்டு, சுத்தமான பொலித்தீன் போதும். மண்வெட்டியால் வெட்டலாம், வெட்டிய மண்கட்டியில் இரும்பு பட்ட பக்கத்தை மரக் கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை எடுங்கள்.

ஒரே மாதிரியான காணித் தட்டுகளை ஒரு தொகுதியாக வையுங்கள். சேறு போட்ட தட்டையும் போடாத தட்டையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. ஒவ்வொரு தொகுதியிலும் வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடத்தில், 20 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டை எறியுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்து, நிழலில் காயவையுங்கள். சேறு படாத வேலியோரத்து மண்ணில் ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் உலோகம் சேற்றால் வந்ததா, அந்த மலையின் மண்ணே அப்படியா என்று யாராலும் சொல்ல முடியாது. பசளை போட்டு 6 கிழமையாவது கழித்து எடுப்பது நல்லது.

ஆய்வுகூடத்தில் பி.எச்., சேதனக் காபன், வலிமையான அமிலத்தில் செரித்து எடுக்கும் மொத்த உலோகம், டி.ரி.பி.ஏ. முறையில் பயிருக்குக் கிடைக்கும் பங்கு ஆகியவற்றைக் கேளுங்கள். பணம் போதாது என்றால் உலோகத்தில் கட்மியம், நாகம், செம்பு, ஈயம் நான்கை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம், பி.எச்.சை மட்டும் விட வேண்டாம். பண்டாரவளையிலேயே விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் முதலில் அங்கே கேளுங்கள். பேராதனை விவசாய பீடம், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம் ஆகியவற்றையும் அணுகலாம். எந்தெந்த உலோகத்தை அளக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு போங்கள்.

மரக்கறியையும் சோதிக்கலாம். கட்மியத்துக்குச் சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் வைத்த எல்லை, கிலோவுக்கு மில்லிகிராமில், இலை மரக்கறிக்கு 0.2, கிழங்கு வகைக்கு 0.1, கோவாவுக்கு 0.05. இது பச்சை நிறைக்கு. சில ஆய்வுகூடங்கள் உலர் நிறைக்கு எழுதும். சலாது இலையில் 95 வீதம் தண்ணீர் என்பதால், பச்சையில் 0.2 என்பது உலர்ந்ததில் 4 ஆகத் தெரியும். இது புரியாமல் நல்ல சலாதுவைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு.

கேள்வி: அறிக்கை வந்துவிட்டது. 40 பேர்ச்சஸ், உருளைக்கிழங்கும் கோவாவும் மாறி மாறிப் போடும் நிலம். பி.எச். 5.1, கட்மியம் 0.9, நாகம் 180, செம்பு 95, ஈயம் 38. இனி அந்த மண் அவ்வளவுதானா? (இராகலை)

அப்படி இல்லை. ஈயம் 38 என்பதற்குக் கவலைப்பட வேண்டாம். செம்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது. அது பழைய மருந்தாகவும் இருக்கலாம். நாகம் கீழ்ப்பக்கத்து எல்லையான 150ஐத் தாண்டிவிட்டது, கட்மியம் எல்லைக்கு அருகில் நிற்கிறது. ஐரோப்பிய எல்லைகள் பி.எச். 6க்கும் 7க்கும் இடைப்பட்ட மண்ணுக்குச் சொன்னவை. உங்கள் மண் 5.1. உலோகத்தை வெளியே எடுக்க முடியாது, பி.எச்.சை உயர்த்த முடியும். ஒரு அலகு உயர்ந்தால் கரைந்து நிற்கும் கட்மியம் பல மடங்கு குறையும்.

5.1இலிருந்து 6க்குக் கொண்டுவர ஏக்கருக்கு 1 முதல் ஒன்றரைத் தொன் டொலமைட் தேவைப்படும். சேதனம் கூடிய கறுப்பு மண் என்றால் மேல்பக்கத்து அளவு. உங்கள் 40 பேர்ச்சஸுக்கு 250 முதல் 375 கிலோ. இரண்டாகப் பிரித்து, முதல் பங்கை உழுவதற்கு முன்னும் மற்றதை உழுத பிறகும் தூவி, 20 சென்ரிமீற்றர் வரை கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டு மழைக்கு விட்டால் மேல் இரண்டு அங்குலம்தான் திருந்தும், வேர் இருக்கும் இடம் பழையபடியே இருக்கும். மா போல அரைத்தது வேண்டும். மணல்போல் பரும்படியாக இருந்தால் மாதக்கணக்கில் கரையாது. நடுவதற்கு 3, 4 கிழமைக்கு முன் போடுங்கள். கோழி எருவையும் யூறியாவையும் அதோடு சேர்த்துப் போட்டால் அமோனியாவாக ஆவியாகிக் காசு காற்றில் போகும். இடையில் இரண்டு கிழமை விடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பி.எச்.சை மறுபடி பாருங்கள்.

உருளைக்கிழங்குதான் இடக்கு. பி.எச். ஐந்தரையைத் தாண்டினால் தோலில் சொறி நோய் கூடும். சொறி பிடித்த கிழங்குக்குச் சந்தையில் விலை இல்லை. 5.5இல் நிறுத்தி இரண்டையும் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்த எண்களுக்கு அது போதாது என்பது எங்கள் கருத்து. உருளைக்கிழங்கை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு, இந்த 40 பேர்ச்சஸை முதலில் 6க்கும் பிறகு 6.3, 6.5 வரைக்கும் ஏற்றி, கோவா, போஞ்சி, பட்டாணி, தக்காளி என்று சுற்றுங்கள். கோவாவுக்கு வேர்வீக்க நோயும் குறையும். சலாது, பசளிக்கீரை, செலரி, பீட்ரூட் இலை ஆகியவை கட்மியத்தை நன்றாக இழுக்கும்; அவற்றை இங்கே போட வேண்டாம். 7ஐத் தாண்டவும் விட வேண்டாம். போரன் கிடைக்காமல் பீட்ரூட்டின் நடு கறுக்கும், இலை மஞ்சளாகும்.

பசளையிலும் இரண்டு மாற்றம் செய்யுங்கள். எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்) பசளையில் உள்ள குளோரைட் கட்மியத்தோடு சேர்ந்து அதை வேருக்கு அழைத்துப் போகும். 10 கிலோ எம்.ஓ.பி. போடும் இடத்தில் 12 கிலோ பொற்றாசியம் சல்பேற்று போட்டால் பொற்றாசியம் சமன், விலை கூடத்தான். டி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையிலும் கட்மியம் கொஞ்சம் வரும். நுவரெலியாப் பக்கத்து மரக்கறி நிலத்தில் பொசுபரசு தேவைக்கு மேல் சேர்ந்திருப்பது சாதாரணம் என்பதால், அறிக்கையில் பொசுபரசு கூட இருந்தால் ஒரு போகத்துக்கு டி.எஸ்.பி.யை நிறுத்துங்கள்.

யூறியாவும் அமோனியம் சல்பேற்றும் மண்ணைத் திரும்பப் புளிக்க வைக்கும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை டொலமைட் போடாமல் விட்டால், அடங்கிக் கிடந்தது மறுபடி எழும்பும். காணியைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள், எடுக்கிறவருக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை: அறிக்கையில் ஆசனிக் ஏறியிருந்தால் டொலமைட் அதை அடக்காது.

கேள்வி: சூரியகாந்தியும் கடுகும் நட்டால் உலோகத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்கிறார்களே? (பதுளை)

உறிஞ்சும், ஆனால் உங்கள் பேரப்பிள்ளை காலம் வரை ஆகும். ஏக்கரில் கட்மியத்தைக் கிலோ மண்ணுக்கு 1 மில்லிகிராம் குறைக்க 1 கிலோ வெளியே போக வேண்டும். ஒரு போகத்தில் 4 தொன் உலர் கடுகுச் செடி வந்து, அதில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் இருந்தால் 20 கிராம்தான் எடுபடும். அப்படி 50 போகம் வேண்டும். அறுத்த செடியை எரித்தால் சாம்பலில், மாட்டுக்குப் போட்டால் சாணத்திலும் ஈரலிலும் என்று அது திரும்ப வரும். சரிவில் வெட்டிவேர் வரிசை நடுவது நல்லதுதான். அது உலோகம் எடுப்பதற்காக அல்ல, உலோகம் ஒட்டிய மண் ஆற்றுக்கு இறங்காமல் பிடிப்பதற்காக.

கேள்வி: சமைக்கிற எங்களுக்கு என்ன வழி? கழுவினால் போகுமா? (அப்புத்தளை, வாசகி)

ஈயம் பெரும்பாலும் ஒட்டிய மண்ணோடு வருவது. அது கழுவினால் போகும். கட்மியம் திசுவுக்குள் இருப்பது, கழுவிப் போகாது. லீக்ஸுக்கு மண் அணைத்து வளர்ப்பதால் வெள்ளைத் தண்டின் மடிப்புக்கு மடிப்பு மண் நிற்கும். முழுசாகக் கழுவிப் பயனில்லை. நெடுக்கே இரண்டாகப் பிளந்து, மடலைப் பிரித்து, ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். கரட், பீட்ரூட்டைத் தோல் சீவுங்கள். ஒரே காணியின் கீரையைத் தினமும் சாப்பிடாமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், இரத்தசோகை உள்ள பெண்கள் அதற்கு மருந்தெடுப்பது இதற்கும் உதவும். வீட்டில் புகைப்பவர் இருந்தால் சிகரெட்டிலும் கட்மியம் உண்டு என்று அவருக்குச் சொல்லுங்கள். மரக்கறியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கேள்வி: சேறே போட்டதில்லை. ஆனாலும் லயனுக்குப் பின்னால் உள்ள வீட்டுத்தோட்ட மண்ணில் நாகம் 260 என்று வந்திருக்கிறது. எப்படி? (ஹட்டன்)

மாதிரி எடுத்த இடம் கூரை ஓரமா என்று பாருங்கள். நாக முலாம் பூசிய தகரக் கூரையிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர் வருடக்கணக்கில் ஒரே கோட்டில் விழுந்தால், அந்தக் கோட்டில் நாகம் சேரும். முலாம் போய்த் துருப்பிடித்த பழைய கூரையின் கீழே அது ஏற்கனவே மண்ணில் இறங்கியிருக்கும். கோழி எருவும் இன்னொரு காரணம். தீனியில் நாகமும் செம்பும் சேர்க்கிறார்கள். குப்பை எரித்த சாம்பலைப் பாத்தியில் கொட்டுவது, பழைய பற்றரியை உடைத்த இடம் ஆகியவையும் உண்டு. பற்றரி என்றால் ஈயத்தைச் சோதிக்காமல் அங்கே கீரை போடவே கூடாது. கூரைச் சொட்டு விழும் கோட்டிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இன்னொரு மாதிரி எடுத்துக் கொடுங்கள். அங்கே எண் இறங்கியிருந்தால் பாத்தியை அவ்வளவு தூரம் நகர்த்தி, கூரைக்குப் பீலி மாட்டித் தண்ணீரைக் கானுக்கு விட்டால் போதும்.